ஊசல் சொல்லும் மிச்சக் கணக்கு

(சென்னையில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அறிவியல் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பின்னால் உத்தரத்துக் கொக்கியிலிருந்து ஒரு நூல் தொங்குகிறது. அதன் முனையில் ஓர் இரும்பு நட்டைக் கட்டியிருக்கிறேன். கொக்கியிலிருந்து நட்டின் நடு வரை 99 சென்டிமீட்டர். நட்டைச் சற்றே ஒதுக்கி, தள்ளாமல் விடுகிறேன். கைக்கடிகாரம் கட்டியிருப்பவர்கள் பாருங்கள். நட்டு போய்த் திரும்பி வருவதை ஒன்று என்று எண்ணுங்கள். முப்பதாவது தடவை திரும்பி வரும்போது ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

இந்த நட்டின் ஆட்டத்தை எவையெவை தீர்மானிக்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு. பாடநூலைக் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடும்: தனி ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தையும் அந்த இடத்தின் ஈர்ப்பு முடுக்கத்தையும் மட்டுமே சார்ந்தது. நீளத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும்.

சூத்திரம் சரியானதுதான். ஆனால் அதன் அடியில் சில நிபந்தனைகள் இருக்கின்றன. வீச்சு சிறியதாக இருக்க வேண்டும். நூலுக்கு எடை இருக்கக் கூடாது. குண்டு ஒரு புள்ளி அளவே இருக்க வேண்டும். காற்று தடுக்கக் கூடாது. தாங்கி அசையக் கூடாது. தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம்.

உலகத்தில் எந்த ஊசலும் இந்த நிபந்தனைகளை முழுதாக நிறைவேற்றியதில்லை. அதனால் சூத்திரம் சொல்லும் நேரத்துக்கும் உண்மையான ஊசல் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கும் நடுவே எப்போதும் ஒரு சிறு மிச்சம் விழும். நாளொன்றுக்குச் சில விநாடிகள், சில சமயம் இரண்டு நிமிடம். அந்த மிச்சத்தைத் தள்ளிவிடாமல் எடுத்து அளந்தவர்களால்தான் பூமியின் வடிவம் தெரிய வந்தது, இமயமலையின் அடியில் என்ன இருக்கிறது என்பது புலப்பட்டது. இதைத்தான் உங்கள் முன் நிறுவ விரும்புகிறேன்.

நீளம்: எங்கிருந்து எங்கு வரை?

முதலில் நீளம். நூலை 99 சென்டிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 25 சென்டிமீட்டராக, அதாவது நாலில் ஒரு பங்காகச் சுருக்குகிறேன். அலைவு நேரம் நாலில் ஒரு பங்காகவில்லை, பாதியாகிறது: ஒரு விநாடி. ஆட்டத்தை இரண்டு மடங்கு மெதுவாக்க வேண்டுமானால் நூலை நாலு மடங்கு நீட்ட வேண்டும். கோவில் மணியின் நாக்கும் வீட்டு ஊஞ்சலும் கிரேனில் தொங்கும் கொக்கியும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவையே.

நீளம் என்று எதைச் சொல்கிறோம்? நூலின் நீளத்தையா, குண்டின் அடி வரையா? மாணவர்களைக் குழப்புவதற்கென்றே தேர்வில் ஒரு கேள்வி வரும். உள்ளே கூடான குண்டில் நீர் நிரப்பி, அடியில் துளையிட்டு ஆட விட்டால் அலைவு நேரம் என்னவாகும்? நீர் வடிய வடிய எடை குறைகிறது. எடை குறைவதால் நேரம் மாறாது. ஆனால் குண்டுக்குள் நீர்மட்டம் இறங்கும்போது நிறை மையமும் கீழே இறங்குகிறது. ஊசலின் பயன்படு நீளம் கூடுகிறது, நேரமும் கூடுகிறது. நீர் முழுதும் வடிந்தபின் மையம் மறுபடி குண்டின் நடுவுக்கே வந்துவிடுவதால் நேரம் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

உண்மையான ஊசல் எதிலும் நிறை ஓரிடத்தில் குவிந்திருப்பதில்லை. தண்டுக்கு எடை உண்டு, குண்டுக்குப் பருமன் உண்டு. அப்படிப்பட்ட ஊசலுக்கும் 'இந்த நீளமுள்ள தனி ஊசலைப் போலவே இது ஆடும்' என்று சொல்லத்தக்க ஒரு புள்ளி உண்டு. அதற்கு அலைவு மையம் என்று பெயர். டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1673-ல் வெளியிட்ட தம் ஊசல் கடிகார நூலில் இதை நிறுவினார். கூடவே ஓர் அழகான முடிவையும் சொன்னார்: ஊசலைத் தலைகீழாக்கி அந்த அலைவு மையத்தில் தொங்கவிட்டால், அலைவு நேரம் மாறாமல் அப்படியே இருக்கும்.

ஏறத்தாழ 145 ஆண்டுகள் கழித்து அந்த முடிவைக் கருவியாக்கியவர் ஹென்றி கேட்டர். இவருக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. பரங்கிமலையில் 1802-ல் அடிக்கோடு அளந்து தென்னிந்தியாவின் முக்கோண நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டனிடம் உதவியாளராக இருந்தவர் கேட்டர். உடல்நலம் கெட்டு இங்கிலாந்து திரும்பினார். அங்கே ஒரு பித்தளைத் தண்டின் இரு பக்கமும் கத்திமுனைகளைப் பொருத்தி, எந்தப் பக்கம் தொங்கவிட்டாலும் ஒரே நேரம் வரும்வரை சிறு எடைகளை நகர்த்தினார். நேரம் ஒன்றானதும், இரண்டு கத்திமுனைகளுக்கு நடுவே உள்ள தூரமே தேடிய நீளம். நிறை எங்கே குவிந்திருக்கிறது என்ற கணக்கே வேண்டியதில்லை. வினாடி ஊசல், அதாவது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு விநாடி எடுக்கும் ஊசல், லண்டனில் ஏறத்தாழ 39.14 அங்குல நீளம் கொண்டது என்று 1818-ல் அவர் அறிவித்தார்.

எடை: இல்லாத விளைவு

எடை கூடினால் ஊசல் வேகமாக ஆடும் என்றுதான் பலரும் முதலில் நினைப்பார்கள். ஊஞ்சலில் குழந்தை இருந்தாலும் தாத்தா இருந்தாலும் நேரம் ஒன்றே என்பதைச் சொன்னால் நம்பத் தயங்குவார்கள். இது ஏதோ பொழுதுபோக்கான வியப்பு என்று நாம் கடந்துபோன இடத்தில் ஐசக் நியூட்டன் நின்றார்.

நிறை என்ற சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பூமி இழுப்பதற்கு இடங்கொடுப்பது ஒன்று. அசைவதற்கு முரண்டுபிடிப்பது மற்றொன்று. இரண்டும் எல்லாப் பொருளிலும் ஒரே விகிதத்தில் இருந்தால் மட்டுமே எடை ஊசலின் நேரத்தைப் பாதிக்காது. தங்கத்துக்கு ஒரு விகிதம், மரத்துக்கு வேறு விகிதம் என்றிருந்தால் அவற்றின் ஊசல்கள் பிரிந்துவிடும். நியூட்டன் ஒரே அளவில் இரண்டு மரப்பெட்டிகள் செய்து, 11 அடி நூலில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டார். ஒன்றில் மரம், மற்றொன்றின் நடுவில் அதே எடைக்குத் தங்கம். பிறகு வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, தண்ணீர், கோதுமை. பெட்டிகள் ஒன்றுபோல் இருந்ததால் காற்றின் தடை இரண்டுக்கும் சமம். நெடுநேரம் அவை ஒன்றாகவே போய் ஒன்றாகவே வந்தன. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்திருந்தாலும் தெரிந்திருக்கும் என்று எழுதினார். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் இந்தச் சமநிலையை அடித்தளமாகக் கொண்டு எழுந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கடிகாரக்காரர்கள் கனமான குண்டைத் தேடுவது ஏன்? எடை நேரத்தை மாற்றாது, ஆனால் ஆட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை மாற்றும். பருமன் ஒன்றாக இருக்கும்போது, கனமான குண்டிடமிருந்து காற்று பிடுங்கும் ஆற்றல் அதன் கையிருப்பில் சிறு பங்குதான். தெர்மோகோல் உருண்டை நாலைந்து ஆட்டத்தில் களைத்துவிடும். ஈயக்குண்டு மணிக்கணக்கில் ஆடும்.

வீச்சு: கலிலியோ நம்பியதும் ஹைகன்ஸ் கண்டதும்

பீசா நகரத் தேவாலயத்தில் ஆடிய விளக்கைத் தம் நாடித்துடிப்பால் அளந்து, அகல ஆடினாலும் ஒடுங்கி ஆடினாலும் நேரம் ஒன்றே என்று கலிலியோ கண்டார் என ஒரு கதை உண்டு. அதைச் சொன்னவர் அவருடைய சீடர் விவியானி. 1602-ல் கலிலியோ எழுதிய கடிதமொன்றில் இந்தக் கருத்து தெளிவாக இருக்கிறது. அவர் அதை எந்த வீச்சுக்கும் பொருந்தும் என்றே நம்பினார்.

அது தோராயமான உண்மை. ஊசலைச் செங்குத்திலிருந்து 5 பாகை ஒதுக்கி விட்டால், மிகச் சிறிய வீச்சைவிட ஆயிரத்தில் அரைப்பங்கு கூடுதல் நேரம் எடுக்கும். அரைப்பங்குதானே என்று தோன்றும். கடிகாரத்தில் அது நாளுக்கு 41 விநாடி. 30 பாகையில் கூடுதல் 1.7 சதவீதம். 60 பாகையில் 7 சதவீதத்துக்கு மேல். 90 பாகையில் 18 சதவீதம். காரணம் எளியது. குண்டை நடுவுக்கு இழுக்கும் விசை, அது விலகிய கோணத்துக்குச் சமமாக வளர்வதில்லை, கொஞ்சம் பின்தங்குகிறது. வில் அகலமானால் இழுப்பு போதாமல் போகிறது.

1656-ல் முதல் ஊசல் கடிகாரத்தை வடிவமைத்த ஹைகன்ஸ் இந்தக் குறையைக் கணிதத்தால் வென்றார். குண்டு வட்ட வில்லில் போகாமல், உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் கோட்டில் போனால் எல்லா வீச்சுக்கும் நேரம் மிகச்சரியாக ஒன்றே என்று நிறுவினார். தொங்கும் நூலின் இருபுறமும் வளைந்த தகடுகளை வைத்து, நூல் அவற்றில் படிந்து சுருங்கும்படி செய்தார். நடைமுறையில் அந்தத் தகடுகள் வேறு தொல்லைகள் தந்தன. பின்னால் வந்த நங்கூர விடுவிப்பு என்ற கடிகாரப் பொறி ஊசலை இரண்டு மூன்று பாகைக்குள் ஆட வைத்தது. வீச்சைச் சுருக்குவதே போதும் என்றாகிவிட்டது.

இடம்: இரண்டு நிமிடம் சொன்ன செய்தி

இந்த உரையின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன்.

1672-ல் பிரெஞ்சு அறிவியல் கழகம் ஷான் ரிஷே என்ற வானியலாளரைத் தென்னமெரிக்காவின் வடகரையில் உள்ள கயேன் தீவுக்கு அனுப்பியது. செவ்வாய்க் கோளின் நிலையை அளப்பது அவர் வேலை. அதற்குத் துல்லியமான கடிகாரம் வேண்டும். பாரிஸில் சரிபார்த்துக் கொண்டுபோன ஊசல் கயேனில் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியது. வினாடியைச் சரியாகத் தட்ட, ஊசலை ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் குறுக்க வேண்டியிருந்தது. வாரந்தோறும், பத்து மாதங்கள், திரும்பத் திரும்ப அளந்தார். மிச்சம் மாறவேயில்லை.

பாரிஸில் இதைக் கேட்டவர்கள் சிலர், வெப்பமண்டலத்தின் சூட்டில் தண்டு நீண்டிருக்கும் என்றார்கள். நியாயமான ஐயம். அதை நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் எஃகுத் தண்டு ஒரு பாகை செல்சியஸ் சூட்டுக்கு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நீளும். 2.8 மில்லிமீட்டர் நீள வேண்டுமானால் கயேன் பாரிஸைவிட 240 பாகை சூடாக இருந்திருக்க வேண்டும்! சூட்டால் விளக்கக்கூடியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி முழுவதும் ஈர்ப்பின் வேலை. நிலநடுக்கோட்டுக்கு அருகே பூமி கொஞ்சம் மெதுவாக இழுக்கிறது.

1687-ல் வெளிவந்த தம் பெருநூலில் நியூட்டன் அதற்குக் காரணம் சொன்னார். சுழலும் பூமி நிலநடுக்கோட்டில் நம்மைச் சிறிது வெளியே தள்ளப் பார்க்கிறது. அந்தச் சுழற்சியாலேயே பூமி நடுவில் உப்பியும் இருக்கிறது. ஆகவே அங்கே நிற்பவர் மையத்திலிருந்து தள்ளி நிற்கிறார். பூமி துருவங்களில் நீண்டிருக்கிறது என்று வாதிட்ட பிரெஞ்சு அறிஞர்களும் உண்டு. வழக்கைத் தீர்க்க 1735-ல் ஒரு குழு பெருவுக்கும், 1736-ல் மற்றொன்று லாப்லாந்துக்கும் புறப்பட்டன. நியூட்டன் வென்றார். நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,357 கிலோமீட்டர் என்று இன்று அறிவோம். அந்த 21 கிலோமீட்டரின் முதல் தடயம் ரிஷேயின் 2.8 மில்லிமீட்டர்.

இனி சென்னைக்கு வருவோம். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்தது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழிலும் பொறித்த கல்வெட்டோடு, வானிலை மையத்து வளாகத்தில் நிற்கிறது. அந்த ஆய்வகத்தில் 1821-ல் ஜான் கோல்டிங்காம், கேட்டர் முறையில் அமைந்த ஊசலை ஆடவிட்டுச் சென்னையின் வினாடி ஊசல் நீளத்தை அளந்தார். லண்டன் நீளத்தைவிட அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறைவு. லண்டனில் சரியாக ஓடும் கடிகாரத்தைக் கப்பலில் ஏற்றி இங்கே இறக்கி, தொடாமல் ஓடவிட்டால் நாளுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும். அடுத்து, நிலநடுக்கோட்டிலேயே ஊசலை ஆட்டிப் பார்க்கச் சுமத்ரா பக்கத்துத் தீவொன்றுக்கு ஆட்களை அனுப்பினார் கோல்டிங்காம்.

அதே வானாய்வகத்தில் இருந்த லண்டன் கைவினைஞர் ஜான் ஷெல்டனின் ஊசல் கடிகாரம் பிற்பாடு கோடைக்கானல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல். மேலே போகப் போகப் பூமியின் இழுப்பு குறையும். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு நாளொன்றில் 13, 14 விநாடி என்பது வெறுவெளியில் ஏறினால் வரும் கணக்கு. மலைமேல் அத்தனை குறையாது, காலடியில் இருக்கும் பாறையும் சேர்ந்து இழுக்கும். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், சென்னையில் சரியாக ஓடிய எந்த ஊசலும் கோடைக்கானலில் நாளுக்கு 20 விநாடிக்குக் குறையாமல் பின்தங்கும். குண்டை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் உயர்த்தினால்தான் நேராகும்.

காலடிப் பாறையும் இழுக்கிறது என்றேன். அந்த ஒரு வரியை நாடு முழுக்கச் சோதித்தவர் ஜேம்ஸ் பாலாடியோ பசேவி. நில அளவைத் துறை அதிகாரியான அவர் 1865 முதல் ஆறு ஆண்டுகள், பித்தளை ஊசல்களையும் காற்றை வெளியேற்றும் செப்புக் கூட்டையும் சுமந்துகொண்டு குமரிமுனைப் பக்கத்திலிருந்து இமயம் வரை ஊசல் ஆட்டினார். மினிக்காய்த் தீவிலும் ஆட்டினார். உள்நாட்டைவிடக் கடலோரத்தில் இழுப்பு கூடுதல், தீவில் அதைவிடக் கூடுதல் என்று தெரிந்தது. இமயத்தில் நேர்மாறு. அவ்வளவு பெரிய மலைத்தொடர் காலடியில் இருந்தும், அதன் பாறை தரவேண்டிய கூடுதல் இழுப்பு காணவில்லை.

ஆக, மலைக்கு அடியில் ஆழத்தில் நிறை குறைவாக இருக்க வேண்டும். மலை என்பது பூமிமேல் வைத்த பாரமில்லை. கனமான அடிப்பரப்பில் இலேசான பாறை வேர்விட்டு மிதக்கிறது. பிராட், ஏரி என்ற இருவர் 1855-ல் முன்வைத்த சமநிலைக் கருத்துக்கு ஊசல் நேரடிச் சான்று தந்தது. பசேவி 1871 ஜூலையில், லடாக்கின் மோரே சமவெளியில், 4,700 மீட்டர் உயரத்தில், தம் ஊசலுக்குப் பக்கத்திலேயே குளிரில் நோயுற்று இறந்தார். அவருக்கு வயது 39. சில விநாடி மிச்சத்துக்காக ஒரு மனிதர் உயிரைக் கொடுத்திருக்கிறார். பாடநூலில் அவருக்கு ஒரு வரியாவது தர வேண்டாமா?

வெப்பம், காற்று

ரிஷேயின் கணக்கில் வெப்பம் சிறு பங்குதான் என்றாலும் கடிகாரத்துக்கு அது பெரும் பகை. எஃகுத் தண்டுள்ள கடிகாரம் ஒரு பாகை சூட்டுக்கு நாளில் அரை விநாடி இழக்கும். நம் ஊர் மார்கழி விடியலுக்கும் கத்திரி வெயில் நண்பகலுக்கும் 20 பாகை வித்தியாசம் என்றால் நாளுக்கு 10 விநாடி. பித்தளையானால் இன்னும் அதிகம்.

1720-களில் இரண்டு ஆங்கிலேயக் கைவினைஞர்கள் இதற்கு வழி கண்டார்கள். ஜார்ஜ் கிரகாம் குண்டுக்குப் பதில் பாதரசம் நிரப்பிய குவளையை மாட்டினார். சூட்டில் தண்டு கீழ்நோக்கி நீளும், பாதரசம் மேல்நோக்கி எழும். அலைவு மையம் அதே இடத்தில் நிற்கும். ஜான் ஹாரிசன் எஃகுக் கம்பிகளையும் பித்தளைக் கம்பிகளையும் மாறிமாறிக் கோத்து, ஒன்று இறக்கியதை மற்றொன்று ஏற்றும்படி செய்தார். 1896-ல் ஷார்ல் எட்வார் கியோம், நூறில் 36 பங்கு நிக்கல் கலந்த இரும்பு சூட்டில் ஏறக்குறைய நீளுவதே இல்லை என்று கண்டார். இன்வார் என்ற அந்த உலோகக் கலவை 1920-ல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தது.

அடுத்தது காற்று. காற்று ஊசலை நிறுத்துகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அலைவு நேரத்தையும் அது மாற்றுகிறது. தண்ணீரில் பொருள் மிதப்பதுபோல் காற்றிலும் குண்டு மிகச் சிறிது மிதக்கிறது. பித்தளைக் குண்டின் எடையில் ஏழாயிரத்தில் ஒரு பங்கைக் காற்று தாங்கிக்கொள்ளும். நாளுக்கு 6 விநாடி தாமதம்.

அத்துடன் கணக்கு முடிந்தது என்றே பலர் எண்ணினார்கள். 1828-ல் ஜெர்மன் வானியலாளர் பெசல் அது போதாது என்று காட்டினார். ஆடும் குண்டு தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் காற்றின் சோம்பலும் குண்டின் கணக்கில் சேர்கிறது. இந்த மிச்சத்தை முழுதாக விளக்கப் புறப்பட்ட ஸ்டோக்ஸ், பாகுத்தன்மையுள்ள பாய்மத்தில் உருண்டை நகரும்போது எழும் தடைக்கு விதி கண்டார். இன்று பதினொன்றாம் வகுப்பில் ஸ்டோக்ஸ் விதி என்று படிக்கிறோமே, அது ஊசலின் பிழையைத் திருத்தப் போன இடத்தில் கிடைத்தது. பின்னால் மில்லிக்கன் எண்ணெய்த் துளிகளின் வேகத்திலிருந்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கணித்தபோது கைகொடுத்ததும் அதே விதி.

தாங்கியும் சுழலும் பூமியும்

1665 பிப்ரவரியில் நோயுற்றுப் படுத்திருந்த ஹைகன்ஸ், ஒரே உத்தரத்தில் மாட்டிய இரண்டு கடிகாரங்களின் ஊசல்கள் எப்படிக் கலைத்துவிட்டாலும் சற்று நேரத்தில் எதிரெதிராக, ஒன்றின் தாளத்துக்கு மற்றொன்று இசைந்து ஆடுவதைக் கண்டார். உத்தரம் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்து ஒன்றின் செய்தியை மற்றொன்றுக்குக் கொண்டு சென்றது. அசையாத தாங்கி என்று எதுவுமில்லை. 1870-களில் அமெரிக்கரான சார்லஸ் பியர்ஸ், ஐரோப்பாவின் தலைசிறந்த ஊசல் கருவிகள் நின்ற முக்காலியே ஊசலோடு சேர்ந்து வளைந்து அளவைக் கெடுக்கிறது என்று காட்டினார். அதுவரை வெளிவந்த பல அளவுகளைத் திருத்த வேண்டியதாயிற்று.

கடைசியாக, பூமியின் சுழற்சி. 1851-ல் பாரிஸின் பாந்தியோன் மண்டபத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டார் லியோன் பூக்கோ. ஆடும் தளம் மணிக்கு 11 பாகை வீதம் மெல்லத் திரும்பியது. ஊசலைத் திருப்ப எந்த விசையும் இல்லை. கீழே மண்டபமும் பாரிஸும் திரும்பின. இந்தத் திருப்பம் இடத்துக்கு இடம் வேறுபடும். துருவத்தில் ஒரு நாளில் முழுச் சுற்று. பாரிஸில் 32 மணி நேரம். டெல்லியில், புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் தொங்கும் ஊசலுக்கு ஏறத்தாழ 50 மணி நேரம். சென்னையில் 4 நாள் 10 மணி. குமரிமுனையில் ஒரு வாரம். நிலநடுக்கோட்டில் திருப்பமே இல்லை. சாளரமில்லாத அறைக்குள் அடைத்துவைத்தாலும், ஓர் ஊசல் இருந்தால் பூமி சுழல்கிறது என்பதோடு நாம் எந்த அட்சரேகையில் இருக்கிறோம் என்பதையும் அறிந்துகொள்ளலாம்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர்களிடம் இனி நேராகப் பேசுகிறேன். நம் ஆய்வுக்கூடங்களில் தனி ஊசல் சோதனை எப்படி நடக்கிறது? 20 அலைவுகளை எண்ணுகிறார்கள். அட்டவணை போடுகிறார்கள். விடை 9.8 வர வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். வராவிட்டால் நேரத்தைப் பின்னாலிருந்து திருத்தி எழுதுகிறார்கள். மதிப்பெண்ணும் கிடைக்கிறது. எந்த மிச்சத்தை ரிஷே பத்து மாதம் விடாமல் அளந்தாரோ, அதை நம் பிள்ளைகள் அழிப்பானால் துடைக்கப் பழகுகிறார்கள். இது என்னைத் துன்புறுத்துகிறது. அறிவியல் மனப்பான்மை என்று நாம் மேடையில் பேசுவதற்கு நேர் எதிரான பாடம் இது.

மாற்று வழி கடினமில்லை. சென்னையில் ஈர்ப்பு முடுக்கம் 9.78. லண்டனில் 9.81. வேறுபாடு ஆயிரத்தில் மூன்று பங்கு. 20 அலைவுகளுக்கு எடுக்கும் 40 விநாடியில் கை தவறுவது 0.2 விநாடி என்றால், ஈர்ப்பில் ஒரு சதவீதப் பிழை வந்துவிடும். வேறுபாடு அதில் மூழ்கிவிடும். ஒரு மீட்டர் நூலில் கனமான குண்டைக் கட்டுங்கள். வீச்சை 5 பாகைக்குள் வையுங்கள். தாங்கியைச் சுவரோடு இறுக்குங்கள். நீளத்தைக் குண்டின் நடு வரை ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்து, 200 அலைவுகளை எண்ணுங்கள். பிழை ஆயிரத்தில் ஒன்றிரண்டாகச் சுருங்கும். நம் அரசுப் பள்ளி மாணவி ஒருத்தி, நூலும் குண்டும் கைப்பேசிக் கடிகாரமும் கொண்டு, தன் ஊர் லண்டன் இல்லை என்று அளந்து நிறுவிவிடலாம். பூமி உப்பியிருப்பதை அவள் தன் கையால் தொடுகிறாள்.

அதன்பின் ஒவ்வொரு நிபந்தனையாக மீறச் சொல்லுங்கள். 60 பாகை ஒதுக்கி விட்டுப் பத்து அலைவு எண்ணட்டும். 20 விநாடி என்பது 21-ஐத் தாண்டும். தளர்ந்த தாங்கியில் ஆட்டிப் பார்க்கட்டும். ஒரே அளவுள்ள மரக்குண்டையும் இரும்புக்குண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விட்டு எது முதலில் களைக்கிறது என்று குறிக்கட்டும். பதிவேட்டில் விடைக்குக் கீழே ஒரு கட்டம் ஒதுக்குங்கள்: 'மிச்சம் எவ்வளவு? ஏன்?' மதிப்பெண்ணில் பாதியை அந்தக் கட்டத்துக்குக் கொடுங்கள். 9.8 என்று எழுதி வந்த பிள்ளைக்குத் தருவதைவிட, 9.72 என்று எழுதி 'நூல் நீண்டுவிட்டது, அதனால் நேரம் கூடிவிட்டது' என்று காரணம் காட்டும் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுங்கள்.

வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். புதிய கருவி எதுவும் வாங்க வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். இங்கே வந்திருக்கும் ஆசிரியர்கள் தத்தம் பள்ளியில் கிடைத்த மதிப்பையும் மிச்சத்தையும் எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளுங்கள். உதகைப் பிள்ளைகளின் விடையும் நாகப்பட்டினத்துப் பிள்ளைகளின் விடையும் ஒன்றாக இருக்காது, இருக்கவும் கூடாது. ஏன் என்று அவர்களே எழுதட்டும்.